எதைச் சுமப்பது, எதை மூடுவது: போர்க்காலத்துத் திருவரங்கம்

திருவரங்கத்துப் பெரிய பெருமாளை யாராலும் தூக்கிச் செல்ல முடியாது. தெற்கு நோக்கிப் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கும் அந்த மூலவர் திருமேனி சுதையால் ஆனது. அதற்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். பெயர்த்தெடுக்க முயன்றால் உதிர்ந்துவிடும். உற்சவரான நம்பெருமாள் அப்படியல்ல. உலோகத் திருமேனி, பல்லக்கில் ஏற்றி இரவோடு இரவாகக் காவிரியைத் தாண்டிவிடலாம். ஓலைச்சுவடிக்கு இன்னும் குறைந்த இடம் போதும். பகைவர் படை நெருங்குகிறது என்ற செய்தி வந்த நாளில் திருவரங்கத்துப் பெரியவர்கள் முன்னால் இருந்த கேள்வி இதுதான்: எதைச் சுமந்துகொண்டு போவது, எதை இங்கேயே மறைத்து வைப்பது?

அந்த நாள் 1323இல் வந்தது. டில்லி சுல்தான் கியாசுதீன் துக்ளக்கின் மகன் உலூக் கான், பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்று அறியப்பட்டவன், வாரங்கலை வீழ்த்தினான். அடுத்து அவன் படை தமிழகத்தை நோக்கி இறங்கியது. ஊருக்கு அது முதல் அதிர்ச்சியும் அல்ல. 12 ஆண்டுகளுக்கு முன்பு, 1311இல், மாலிக் காபூரின் படை தமிழ்நாட்டுக் கோயில்களைச் சூறையாடிவிட்டுத் திரும்பியிருந்தது. அந்தப் படையெடுப்பை வருணித்த அமீர் குஸ்ரூ ‘பிரம்மஸ்தபுரி’யின் பொற்கோயில் என்று சொல்வது தில்லையையா, அரங்கத்தையா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எதுவானாலும், 1323இல் திருவரங்கத்தார் செய்தவை திகைத்து நின்றவர்களின் செயல்களாகத் தெரியவில்லை. எது போனால் திரும்பி வராது என்று யோசித்து வைத்திருந்தவர்களின் செயல்களாகவே தெரிகின்றன.

இந்த வரலாற்றுக்கு முதன்மையான ஆதாரம் ‘கோயிலொழுகு’. கோயிலின் நிர்வாகம், திருப்பணி, வழக்கம், வழக்கு எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாக எழுதிச் சேர்த்த கோயில் நாளேடு அது. அதை ஆராய்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்த வரலாற்றாசிரியர் வி. என். ஹரிராவ் சுட்டிக்காட்டுவதுபோல, அதன் காலக் கணக்குகளை அப்படியே ஏற்க முடியாது. இரு படையெடுப்புகளின் செய்திகள் அதில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கொல்லப்பட்டவர்களின் தொகையைப் பன்னீராயிரம் என்று மரபு சொல்கிறது. அது எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்காக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் முக்கியமான ஓர் இடத்தில் கோயிலொழுகும் கல்வெட்டும் கைகோக்கின்றன. அதனால் இந்தக் கதையை வெறும் பக்திக் கதை என்று தள்ளிவிட வழியில்லை.

மரபு சொல்வது இது. தூக்க முடியாத மூலவருக்கு முன்னால் கல்லால் ஒரு திரை எழுப்பிச் சன்னதியை மறைத்தார்கள். அதற்கு முன்னே வேறொரு திருமேனியை வைத்து, அதுதான் மூலவர் என்று தோன்றும்படி செய்தார்கள். தாயாரின் திருமேனியை வில்வ மரத்தடியில் புதைத்தார்கள். நம்பெருமாளை எடுத்துக்கொண்டு, முதிர்ந்த வயதில் இருந்த பிள்ளை லோகாசாரியர் சிறு கூட்டத்தோடு தெற்கே கிளம்பினார். ஸ்ரீபாஷ்யத்துக்குச் சுதர்சன சூரி எழுதிய ‘சுருதப்பிரகாசிகை’ என்ற விரிவுரையின் ஏடுகளும், அவருடைய இரு சிறுபிள்ளைகளும் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

நான்கு பொருளுக்கு நான்கு வழி. அசையாததை மூடினார்கள், புதைக்கக்கூடியதைப் புதைத்தார்கள், எடுத்துச் செல்லக்கூடியதைப் பிரித்து வெவ்வேறு கைகளில் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றியிருந்தால் ஒரே கொள்ளையில் எல்லாம் போயிருக்கும். ஒரு கூட்டம் தெற்கே போனது, இன்னொன்று மேற்கே கருநாடக எல்லைக்குப் போனது. இன்று அருங்காட்சியகத்தார் பேரிடர்த் திட்டம் என்று எழுதி வைப்பதன் சாரம் இதில் இருக்கிறது. 1939 ஆகஸ்ட் இறுதியில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தார் ‘மோனலிசா’ உள்ளிட்ட ஓவியங்களை நாட்டுப்புற மாளிகைகளுக்குப் பிரித்து அனுப்பியபோதும், பெயர்க்க முடியாத சிலைகளை மணல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தபோதும் இதே கணக்கைத்தான் போட்டார்கள்.

நம்பெருமாள் போன பாதை நீளமானது. பிள்ளை லோகாசாரியரின் கூட்டம் மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடி என்ற இடத்தை அடைந்தது. இன்று யானைமலைப் பக்கத்துக் கொடிக்குளம் என்று அடையாளம் காணப்படும் ஊர் அது. வழியில் கள்வர்கள் நகைகளைப் பறித்துக்கொண்டார்கள். திருவாபரணம் போனால் போகட்டும், திருமேனி தங்கட்டும் என்று லோகாசாரியர் இருந்ததாக மரபு நினைவுகூர்கிறது. அங்கேயே அவர் காலமானார். அவருக்குப் பின் கூட்டம் அழகர்கோயிலுக்கும், மலை கடந்து கோழிக்கோட்டுக்கும், பிறகு மேல்கோட்டையான திருநாராயணபுரத்துக்கும், கடைசியில் திருமலைக்கும் போனது. திருமலைக் கோயிலில் உள்ள ரங்கநாயக மண்டபம், அரங்கர் தங்கிய இடம் என்றே இன்றும் அறியப்படுகிறது. கிளம்பியவர்களில் திரும்பி வந்து சேர்ந்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருந்திருக்க வேண்டும். 48 ஆண்டு என்பது ஒரு தலைமுறைக்கும் மேல். புஷ்பா தங்கதுரை என்ற பெயரிலும் எழுதிய வேணுகோபாலனின் ‘திருவரங்கன் உலா’ நாவல் வழியாக இந்தப் பயணம் பல தமிழ் வாசகர் வீடுகளுக்குள் வந்தது.

ஏட்டின் பயணம் இதைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது. உண்மையில் அதற்கு இன்னும் அதிகக் கவனம் தர வேண்டும். வேதாந்த தேசிகர் பிணக்குவியலுக்கு நடுவே படுத்து, சுவடியையும் இரு குழந்தைகளையும் மறைத்து இரவைக் கழித்தார் என்பது குருபரம்பரைக் கதை. பிறகு அவர் சத்தியமங்கலத்துக்கும் மேல்கோட்டைக்கும் போனார். திருவரங்கம் மீண்டும் அச்சமின்றி வாழ வேண்டும் என்று வேண்டி அவர் இயற்றியதே ‘அபீதிஸ்தவம்’.

சிலை போனால் பாதிப்பு கண்ணுக்குத் தெரியும். ஏடு போனால் போனதே பலருக்குத் தெரியாது. பனையோலை நம் வெக்கையிலும் ஈரத்திலும் இருநூறு முந்நூறு ஆண்டு தாங்கினால் பெரிது. பூச்சி அரிக்கும், ஓரம் உடையும், கயிற்றுத் துளையில் தொடங்கி விரிசல் ஓடும். எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது உட்கார்ந்து எழுத்தாணியால் புது ஓலையில் படியெடுத்து, மை தடவி, கட்டி வைக்க வேண்டும். போர் சுவடியை எரிக்கத் தேவையில்லை. படியெடுப்பவரையும் பாடம் சொல்பவரையும் ஐம்பது ஆண்டு ஊரைவிட்டு ஓட்டிவிட்டாலே போதும். 1323க்குப் பின் திருவரங்கத்துக்கு நேர்ந்த பெரிய ஆபத்து அதுதான். 1370இல் பிறந்த மணவாள மாமுனிகள் திருவரங்கத்துக்கு வந்து முந்தைய ஆசிரியர்களின் நூல்களைத் தேடித் திரட்டிப் படியெடுத்து, பாடம் சொல்வதைத் தம் வாழ்நாள் பணியாகவே கொண்டார். பிள்ளை லோகாசாரியரின் நூல்களுக்கு அவர் எழுதிய உரைகள்தான் இன்றைக்கும் அந்த மரபின் பாடநூல்கள். சிலைக்குத் திருப்பணி செய்ய அரசன் வந்தான். நூலுக்குத் திருப்பணி செய்ய ஒரு துறவி வந்தார். இரண்டாவது நடக்காமல் போயிருந்தால் கோயில் நின்றிருக்கும், அதற்குள் சொல்லப்படும் பொருள் நின்றிருக்காது.

யாழ்ப்பாணத்தாருக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தி அல்ல. 1981 ஜூன் முதல் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சு நூல்களில் பலவற்றை வேறு ஊர்களில் தேடி எடுக்க முடிந்தது. வேறு எங்கும் படி இல்லாத ஓலைகளை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அந்த நூலகத்துக்கு முன்னெச்சரிக்கை கொடுக்க எவரும் இல்லை. ஏட்டைச் சுமந்து ஓட ஓர் இரவும் கிடைக்கவில்லை. மாலி நாட்டின் திம்புக்துவில் 2012இல் தீவிரவாதிகள் ஊரைப் பிடித்தபோது அப்துல் காதர் ஹைதாராவும் அவரோடு சேர்ந்தவர்களும் பழஞ்சுவடிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, சாலை வழியாகவும் நைஜர் ஆற்றுப் படகுகளிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்தினார்கள். பிணங்களுக்கிடையே சுவடியைப் பொத்திப் படுத்திருந்தவருக்கும் அவர்களுக்கும் நடுவே ஏறத்தாழ 700 ஆண்டு. செய்த வேலை ஒன்றே.

ஊரைவிட்டுப் போனவர்கள் மட்டுமே காப்பாற்றினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தங்கியவர்களும் உண்டு. வெள்ளை கோபுரத்தோடு சேர்த்து ஒரு தேவதாசியின் பெயர் சொல்லப்படுகிறது. வெள்ளையம்மாள் படைத்தலைவனைக் கோபுரத்தின் மேல் அழைத்துப் போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள் என்பது ஊர்க்கதை. கோபுரம் இன்றும் வெள்ளை பூசியே நிற்கிறது. கோயிலொழுகு சொல்லும் இன்னொரு செய்தி இதைவிட அமைதியானது, ஆனால் இந்த ஆய்வுக்கு அதிகம் உதவுவது. திருவரங்கத்தில் தங்கிய படைத்தலைவன் உடல்நலம் குன்றி, கொள்ளிடத்துக்கு வடக்கே கண்ணனூருக்குக் குடிபெயர்ந்தான். அங்கே கோட்டை கட்டக் கோயில் மதில்களின் கற்களைப் பெயர்த்தார்கள். சிங்கப்பிரான் என்பவர் அவனிடம் பணிக்குச் சேர்ந்து, நம்பிக்கையைப் பெற்று, இடிப்பு மேலும் போகாமல் தடுத்தார். கோயிலில் எஞ்சியவர்களுக்கு உதவியும் செய்தார். எதிரியின் அரண்மனையில் வேலை பார்த்தவர் என்று அன்றைக்கு அவரைப் பழித்தவர்கள் இருந்திருக்கக்கூடும். கோயிலொழுகு அவரைப் பழிக்கவில்லை. தப்பி ஓடியவரின் தியாகத்தைப் போற்றும் அளவுக்கு, ஆக்கிரமிப்புக்குள்ளேயே இருந்து கல்லைக் காத்தவரின் பொறுமையையும் போற்ற வேண்டும்.

1371இல் நம்பெருமாள் திரும்பினார். விஜயநகர இளவரசர் கம்பணரின் அதிகாரியான கோபண்ணா அவரைத் திருமலையிலிருந்து தம் இருப்பிடமான செஞ்சிக்குக் கொண்டுவந்து சில காலம் வைத்திருந்து, மதுரை சுல்தான்களின் படையை வென்றபின் திருவரங்கத்தில் மறுபடி எழுந்தருளச் செய்தார். இதைச் சொல்லும் கல்வெட்டு கோயிலுக்குள் இருக்கிறது: சக ஆண்டு 1293ஐக் குறிக்கும் இரண்டு வடமொழிச் செய்யுள்கள். அவற்றை இயற்றியவர் வேதாந்த தேசிகர் என்று மரபு நம்புகிறது. கோயிலொழுகும் கல்வெட்டும் கைகோப்பது இங்கேதான். மீட்டவரின் பெயர், எங்கிருந்து எங்கே வழியாக, எந்த ஆண்டில் என்ற நான்கையும் சுவரில் பொறித்து வைத்தார்கள். திரும்பி வந்த பொருளுக்கு அது ஒரு பற்றுச்சீட்டு.

திரும்பியதும் ஒரு சிக்கல் எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் கோயிலில் வேறோர் உற்சவர் திருமேனியை வைத்து வழிபாடு நடந்திருந்தது. இப்போது வந்திருப்பவர்தான் பழைய உற்சவரான அழகிய மணவாளர் என்று எப்படி நிச்சயிப்பது? பார்த்தவர்கள் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள். கோயிலொழுகின்படி, வயது முதிர்ந்து கண் தெரியாமல் போன ஒரு வண்ணார் இருந்தார். முற்காலத்தில் பெருமாளின் ஈர ஆடைகளைத் துவைத்தவர். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடைத் தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். அதன் மணத்தையும் சுவையையும் கொண்டு, இவர்தான் நம்பெருமாள் என்று அவர் சொன்னார். இடையில் வழிபடப்பட்ட திருமேனியையும் ஒதுக்கிவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவரும் கோயிலிலேயே இருக்கிறார்.

கதையின் ஒவ்வொரு விவரத்தையும் நம்பியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் அதை எழுதி வைத்தவர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. போருக்குப் பின் பொருள் கிடைப்பது பாதி வேலை. அது இன்னாருடையது, இன்ன இடத்தது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி பெரிய பதவியில் இருந்தவரிடமிருந்து வரவில்லை, அன்றாடம் அந்தத் துணியைத் தொட்டவரிடமிருந்து வந்தது. நம் காலத்தில் இந்த வேலையைப் புகைப்படம் செய்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தமிழகக் கோயில்களையும் படிமங்களையும் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட சோழர் கால நடராசர், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தபோது, அந்தப் படங்கள்தான் அது எந்த ஊர்ச் சிலை என்பதைக் காட்டிக்கொடுத்தன. 2014இல் அந்தச் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அது போர்க்கொள்ளை அல்ல, அமைதிக்காலத் திருட்டு. ஆனால் சாட்சியின் தேவை இரண்டுக்கும் பொது.

மனித உயிர் போகும்போது சிலையும் ஏடும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 1323இல் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை மரபு சொல்வதில் ஒரு பங்காக இருந்தாலும் அது பெருந்துயரம்; எந்தத் திருமேனியும் அதற்கு ஈடாகாது. இருந்தாலும் தேசிகரிடம் ஒப்படைக்கப்பட்டவை சுவடியும் குழந்தைகளும் என்று மரபு சேர்த்தே சொல்கிறது. அந்தச் சுவடியை நாளைக்கு வாசிக்க அந்தக் குழந்தைகள் வேண்டும். ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வரவும் ஓர் இடம் வேண்டும். திருவரங்கம் போன்ற ஊரில் கோயில் என்பது வழிபாட்டிடம் மட்டும் அல்ல. நிலம், வாய்க்கால், மடைப்பள்ளி, பூந்தோட்டம், தேர்த்தச்சர், இசைப்பவர், துவைப்பவர், குயவர் என எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு அதைச் சுற்றி நிற்கிறது. உற்சவர் இல்லாமல் உற்சவம் இல்லை. உற்சவம் இல்லாவிட்டால் அந்த வேலைகளும் இல்லை.

இதற்குச் சான்று சித்திரைத் தேரிலேயே இருக்கிறது. அந்த விழாவுக்கு விருப்பன் திருநாள் என்று பெயர். விஜயநகர இளவரசர் விருப்பண்ண உடையார் 52 ஊர்களைக் கோயிலுக்குக் கொடுக்க, அறுபது ஆண்டு நின்றுபோயிருந்த பெருவிழா 1383இல் மறுபடி நடந்தது என்கிறது கோயிலொழுகு. இன்றைக்கும் சித்திரைத் தேருக்குச் சுற்றுவட்டாரக் கிராமத்தார் விளைந்த தானியத்தையும் ஆடுமாடுகளையும் கொண்டுவந்து காணிக்கை செலுத்துகிறார்கள். திருமேனி மீண்டதால் விழா மீண்டது. விழாவைப் பிடித்துக்கொண்டு பாசனமும் சந்தையும் மீண்டன. பண்பாட்டுச் செல்வம் என்று சொல்வதை இதைவிட வெளிப்படையாகக் கணக்கில் காட்ட முடியாது.

போர் விட்டுச் சென்ற நினைவு பகையாக மட்டும் தங்கவில்லை என்பதும் கோயிலுக்குள்ளேயே தெரிகிறது. இன்னொரு மரபுக்கதையில் டில்லிக்குக் கொண்டுபோகப்பட்ட பெருமாளிடம் மனம் பறிகொடுத்த சுல்தானின் மகள் துலுக்க நாச்சியாராக அர்ச்சுன மண்டபத்தில் ஓவிய வடிவில் இருக்கிறார். ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியமாகின்றன. கொள்ளையடித்தவரின் வீட்டுப் பெண்ணுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்த ஊர் இது.

திருவரங்கம் தனித்த நிகழ்ச்சியும் அல்ல. பீஜப்பூர்ப் படைகளின் நடமாட்டத்துக்கு அஞ்சி 1648இல் தில்லை நடராசரைக் குடுமியான்மலைக்கும் பிறகு மதுரைக்கும் கொண்டுபோய், 1686இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஔரங்கசீப்பின் படை காஞ்சியை நெருங்கிய 1688இல் வரதராசப் பெருமாள் கிளம்பிச் சேர்ந்த இடம், பழைய திருச்சி மாவட்டத்து உடையார்பாளையம். நிலைமை அமைதியான பிறகும் உடையார்பாளையத்துப் பாளையக்காரர் பெருமாளைத் திருப்பித்தர மனமின்றி இருந்தார். ஆத்தான் ஜீயரின் வேண்டுகோளுக்கு இணங்கி லாலா தோடர்மல் படையோடு சென்றபின்தான் 1710இல் பெருமாள் காஞ்சிக்குத் திரும்பினார், அதையும் கல்வெட்டாக்கியிருக்கிறார்கள். பாதுகாப்புக்கு என்று வாங்கி வைத்தவரிடமிருந்து மீட்பதும் ஒரு போராட்டமாகிவிடும் என்பதை இந்தச் சிறு நிகழ்ச்சி காட்டுகிறது. தமிழகமெங்கும் ஏர் முனையிலும் அடித்தளம் தோண்டும்போதும் கிடைக்கும் செப்புத் திருமேனிகள் பலவும் அப்படிப் புதைத்து வைக்கப்பட்டவைதாம். புதைத்தவர் யாரிடமும் சொல்லாமலே இறந்திருப்பார். அவருடைய இரகசியம் சிலையைக் காத்தது. ஊருக்கு அதைத் திருப்பித் தரவில்லை.

சூறையாடியவர்கள் எல்லாரும் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அது நேர்மையாகாது. முதலாம் இராசாதிராசன் கல்யாணபுரத்தை எரித்து அங்கிருந்து கொண்டுவந்த துவாரபாலகர் சிலை தாராசுரத்தில் கிடைத்தது. எங்கிருந்து எடுத்தது என்று பீடத்திலேயே பெருமையாகப் பொறித்திருக்கிறார்கள். போரில் வென்றவன் தோற்றவனின் தெய்வத்தை எடுத்துச் செல்வது அரச வழக்கமாகவே இருந்தது. அந்த வழக்கத்தைக் குற்றம் என்று உலகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆனது.

இன்னொரு வகை ஆபத்து 18ஆம் நூற்றாண்டில் வந்தது. இம்முறை யாரும் சிலையைத் தேடி வரவில்லை. மதிலைத் தேடி வந்தார்கள்.

கருநாடகப் போர்களில் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஆங்கிலேயர் ஆதரித்த முகம்மது அலி கோட்டைக்குள். அவருடைய போட்டியாளர் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் வெளியே. 1752இல் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா முற்றுகையைக் கைவிட்டுத் திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கினார். பிரெஞ்சுக்காரர் திருவானைக்காவல் கோயிலில், சந்தா சாகிபின் ஆட்கள் திருவரங்கம் கோயிலில். கொள்ளிடத்துக்கு வடக்கே பிச்சாண்டார்கோயிலும் சமயபுரம் பக்கத்துக் கோயில்களும் இரு தரப்புக்கும் கொத்தளங்களாயின. காரணம் எளிது. ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் திருவரங்கத்தின் வெளிமதிலைச் சுமார் நான்கு மைல் சுற்றளவும் 25 அடி உயரமும் உடையதாக வருணிக்கிறார். அதற்குள்ளே இன்னும் ஆறு மதில்கள். படைத்தலைவன் கண்ணுக்கு அது ஆயத்தமான கோட்டை. இறைவனுக்காகக் கட்டிய ஏழு திருச்சுற்றும் பீரங்கிக் குண்டை வரவழைக்கும் இலக்காக மாறின.

1752 ஜூனில் லா சரணடைந்தார். சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானோஜியின் ஆட்களிடம் தலையை இழந்தார். அப்போது நடந்த ஒரு நிகழ்ச்சியை ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். கோயிலுக்குள் இருந்த ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள் வெளியேற மறுத்தார்கள். மூன்றாம் மதிலுக்கு உள்ளே எவராவது காலெடுத்து வைத்தால் வெட்டி எறிவோம் என்றார்கள். ஆங்கிலேயர் அவர்களுடைய உறுதியை மதித்து, அப்படி உள்ளே நுழையமாட்டோம் என்று வாக்களித்தார்கள். தோற்ற தரப்பின் கூலிப்படை வீரர்கள் அவர்கள். தமிழ் மண்ணுக்கும் அயலார். ஆனால் மூன்றாம் மதில் என்ற ஓர் எல்லை அவர்களுக்குப் புரிந்திருந்தது. வென்றவர்களும் அந்த எல்லையை ஏற்றார்கள். எந்தச் சட்டமும் எழுதப்படாத காலத்தில், போர்க்களத்தின் நடுவே, இதுவரைதான் படை வரலாம் என்று இரு தரப்பும் ஒரு கோட்டை ஒத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்று இந்தப் பகுதியில் வேறு இல்லை.

அந்த அமைதி நீடிக்கவில்லை. 1753இல் பிரெஞ்சுப் படை மறுபடி தீவைப் பிடித்தது. மாஸ்கோ கிரெம்ளினில் ரஷ்யப் பேரரசி இரண்டாம் காதரினின் செங்கோலில் பதிந்திருக்கும் ஓர்லோவ் வைரம் இந்தக் காலத்தில் திருவரங்கத்துத் திருமேனியின் கண்ணிலிருந்து ஒரு பிரெஞ்சுச் சிப்பாயால் களவாடப்பட்டது என்ற கதை பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு உறுதியான ஆவணம் இல்லை. உண்மையில் நடந்த இழப்பு இந்த அளவுக்குக் கதையாகக்கூடியது அல்ல. படை தங்கிய மண்டபம், அடுப்புப் புகை, வெடிமருந்து, குதிரைக் கால், நின்றுபோன பூசை ஆகியவைதாம் அந்த இழப்பு.

இரண்டு நூற்றாண்டு கழித்து, 1954இல், ஹேக் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்தைத் தாக்கக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. அந்தச் சொத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் அழிவுக்கு உள்ளாக்கும் வகையில் படைப் பயன்பாட்டுக்கு எடுக்கவும் கூடாது என்றது. ஜாக் லா செய்ததும், ஆங்கிலேயத் தளபதி கிளைவ் சமயபுரத்துக் கோயில்களைக் கொத்தளமாக்கியதும் இந்த விதிக்குள் வரும். இராணுவத் தேவை கட்டாயமானால் விலக்கு உண்டு என்ற ஒரு பிரிவும் அதில் இருக்கிறது. அந்தப் பிரிவுதான் உடன்படிக்கையின் பலவீனம். இத்தாலியின் மோண்டே காசினோ மடத்தை 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் தரைமட்டமாக்கியதும் இராணுவத் தேவை என்ற பெயரில்தான். அப்போது மடத்துக்குள் ஜெர்மன் படை இல்லை. அந்த மலைப்பகுதியில் தாக்குதலுக்குக் காத்திருந்தது நான்காவது இந்தியப் படைப்பிரிவு. குண்டு வீசக் கேட்டவரும் அதன் தளபதிதான். மடத்தின் ஆவணங்களும் நூல்களும் மட்டும் தப்பின. சில மாதங்களுக்கு முன்பே அவற்றை ரோம் நகருக்கு மாற்றியிருந்தார்கள்.

இந்தியா 1958இல் ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. பண்பாட்டுச் சொத்தை அழிப்பது போர்க்குற்றம் என்ற கொள்கைக்கு நீதிமன்ற வடிவமும் வந்துவிட்டது. திம்புக்துவின் அடக்கத்தலங்களை இடித்த அல் மஹ்திக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் ஒன்பது ஆண்டு சிறை விதித்தது. தண்டனை வேண்டும்தான், ஆனால் இடிந்தபின் வருவது அது. உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு வேறொன்றைக் கேட்கிறது: போர் வரும் முன்பே, அமைதிக்காலத்திலேயே ஆயத்தம் செய்.

திருவரங்கத்துக்கு அந்த ஆயத்தம் எப்படி இருக்க வேண்டும்? கோயில் 156 ஏக்கர். அதன் வெளித் திருச்சுற்றுகளில் வீடும் கடையும் பள்ளியுமாக ஒரு நகரமே வாழ்கிறது. அங்கே கோயிலை மட்டும் தனியாகப் பூட்டிக் காப்பது நடக்காது. எந்தத் திருமேனி எந்தச் சன்னதியில், அதன் அளவு என்ன, பழைய படம் எங்கே, எந்தச் சுவடிக்கு வேறு படி உண்டு, எதற்கு இல்லை, முதலில் எதை எடுப்பது, யார் எடுப்பது என்ற விவரங்களில் பல, பரம்பரையாகக் கைங்கரியம் செய்பவர்களின் நினைவில்தான் தங்கியிருக்கின்றன. அர்ச்சகரிடம் கேட்பதோடு நிறுத்திவிடாமல் மடைப்பள்ளியாரிடமும், திருவாபரணம் காப்பவரிடமும், பல்லக்குச் சுமப்பவரிடமும், துணி துவைப்பவரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். எழுதியதன் ஒரு படி தீவில் இருக்கட்டும், இன்னொன்று வேறொரு ஊரில் இருக்கட்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அறநிலையத் துறையும், திருச்சியில் உள்ள கல்லூரி வரலாற்றுத் துறைகளும், கோயிலாரும் சேர்ந்தால் சில ஆண்டுகளில் முடியக்கூடிய வேலை. மூத்த கைங்கரியக்காரர்கள் ஊரில் இருக்கும்போதே அதைத் தொடங்க வேண்டும்.